பொது ஃப்ரிட்ஜில் வைத்த கடுக்காய்

போன வாரம் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது, உள்ளே கடுக்காய் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துவர்ப்பு மூக்கில் ஏறியதுமே எனக்கு உடம்பு குளிர்ந்தது. உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கடுக்காய் என்றால் ஏசி அறைதான் ஞாபகம்.

பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவிக்கூடம் அது. எல்லாத் துறைக்கும் சேர்த்து, சத்தைப் பிரித்து அளக்க ஒரே மெஷின். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குப் போவதுபோல் உள்ளே போவோம். நம் முறை வர மாதக்கணக்காகும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஒரு குறிப்பிட்ட மரத்துக் கடுக்காயில் மருந்துச் சத்து எவ்வளவு என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. பாதிச் சோதனை முடிந்திருந்ததால் வேறு மரத்துக் காய் ஆகாது. இந்த முறையும் முடிவு வராவிட்டால் தலைப்பையே மாற்றிவிடுவேன் என்று கைடு சொல்லியிருந்தார். நானா விடுவேன்?

முறை வருவதற்கு முதல் நாள் காலை பொது ஃப்ரிட்ஜைத் திறந்தால், மீன் குடலுக்கும் யாருடையதோ அமிலத்துக்கும் நடுவில் என் கடுக்காய்ப் பொடி பாட்டில் காலி. இயற்பியல் துறை ஆராய்ச்சி மாணவன், மணலூர்பேட்டைச் செல்வம், தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“வயிறு சரியில்லக்கா. கடுக்காய்னு எழுதியிருந்துச்சி. டெய்லி சுடுதண்ணில கலக்கிக் குடிச்சிக்கினு இருந்தேன்.”

ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. கிளம்புடா என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை வளைவுகளில் வழியெல்லாம் வாந்தி எடுத்தான். நன்றாக எடுக்கட்டும் என்று ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தேன்.

காய்ப்பு முடிந்து மரம் மொட்டையாக நின்றது. மரத்துக்குச் சொந்தக்காரர் சின்னப்பொண்ணு அக்கா, முன்பு எனக்குக் காய் பொறுக்கிக் கொடுத்தவர், கதையைக் கேட்டுச் செல்வத்தை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மகள் அப்போது நிறைமாதம். உள்ளே போய் ஒரு துணி முடிச்சோடு வந்தார்.

“இதே மரத்துதும்மா. பொறக்கப்போற புள்ளைக்கு உரசி ஊத்த வெச்சிருந்தேன். பாதி எடுத்துக்கோ. மிஷினு இன்னா சொல்லுச்சின்னு வந்து சொல்லணும்.”

ஊர் திரும்பியதும் செல்வமே இடித்தான். அவனை முகரக்கூட விடவில்லை நான். முடிவு வந்தது, தலைப்பும் பிழைத்தது. மெஷின் வரைந்த வளைகோட்டின் நகலோடு மறுபடி மலையேறினேன். இந்த உச்சிதான் உங்கள் மரம் என்று காட்டினேன். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா அந்தத் தாளைச் சாமைக் கஞ்சி தடவிச் சுவரில் ஒட்டினார். எனக்குப் பட்டமே கையில் வந்ததுபோல் இருந்தது.

பின்னால் சாலையை அகலமாக்க மரத்தை வெட்ட வந்தவர்களிடம் அந்தத் தாளைப் பிய்த்துக்கொண்டுபோய்க் காட்டினாராம். “மிஷினே நல்ல பேரு குடுத்த மரம்ங்க” என்றாராம்.

மெஷினை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது மலைக்குப் பஸ் சீக்கிரம் போய்விடுகிறது. மரம் நின்ற இடத்தில்தான் நிறுத்தம். இறங்கியதும் வெயில் நேராகத் தலையில் அடிக்கிறது.