சாம்பல் மூடி டியூப்பில் காக்காவின் ரத்தம்

கல்முனையில் நான் வேலை செய்யும் லேப்பில் காலை ஆறரைக்கே கதிரைகள் நிறைந்துவிடும். முக்கால்வாசிப் பேர் வெறும் வயிற்றோடு வந்த சீனி வருத்தக்காரர். பசியும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டம். அவர்களைச் சமாளிக்கக் கை ஓட வேண்டும். என் கை ஓடும். பெயரைக் கேட்பேன், ரப்பர் பட்டியைக் கட்டுவேன், சாம்பல் நிற மூடி போட்ட டியூப்பை எடுப்பேன். ரத்தத்தில் சீனி பார்க்க அந்த மூடிதான். இருபது வருடமாக இதே வேலை. "மிஸ் குத்தினா நோகாது" என்று பெயர் எடுத்தவள் நான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இப்படிப்பட்ட என்னிடம் ஒரு நாள் என் காக்கா, கூடப் பிறந்த மூத்தவர், ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். பெரிய டொக்டர் எழுதியது. ரத்தத்தில் புளோரைட் பார்க்க வேண்டுமாம்.

காக்காவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். அங்கே அவர் தங்குகிற வாடியில் இருக்கிற குழாய்க் கிணற்றுத் தண்ணீரைத்தான் வருடக்கணக்காகக் குடிக்கிறார். இரண்டு வருடமாக இடுப்பு நோகிறது, கழுத்து திரும்புதில்லை, முழங்கால் மடங்குதில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எடுத்த எக்ஸ்ரே படங்களில் ஒன்றும் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதில் பள்ளிவாசலில் கதிரை போட்டுத் தொழுகிற ஆளை ஊர் சும்மா விடுமா? "ஒங்கட காக்காக்கு வேலை கூடின நாள்ல மட்டும்தான் இடுப்பு நோகும்" என்பா அவருடைய மனைவி, என் மச்சி. நாங்கள் சிரிப்போம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். தண்ணீரில் இருக்கிற புளோரைட் எலும்பைப் பிடித்திருக்கலாம் என்று முதல்முதலாக அந்த டொக்டர்தான் சொன்னார். இனி யாராவது தன்னை நம்புவார்களா என்பது காக்காவுக்கு அந்த ஒரு பரிசோதனையில் இருந்தது.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம். இப்படியொரு பரிசோதனையை நான் கண்ணால் கண்டதில்லை. கொழும்பு லேப்புக்குக் கோல் எடுத்தேன். பச்சை மூடி டியூப்பில் எடுங்கள், கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக்கில் ஊற்றி ஐஸில் வைத்து அனுப்புங்கள் என்றா அங்கிருந்த மிஸ். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். அடுத்த நாள் காலை காக்கா வெறும் வயிற்றோடு வந்தார். கூட்டத்துக்கு நடுவில் அவருக்கும் எடுத்தேன். ரத்தத்தை மெஷினில் சுழற்றி, மேலே தெளிந்த நீரைப் பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினேன். கண்ணாடியே படவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

ஐந்தாம் நாள் கொழும்பு மிஸ்ஸே கோல் எடுத்தா. "இந்த ஆள் உயிரோட இருக்கிறாரா? இப்படி ஒரு அளவு வரவே ஏலாது. இன்னொரு தரம் எடுத்து அனுப்புங்க" என்றா. நான் முதல் பாதியை மட்டும்தான் கேட்டேன். உடனே காக்காவுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவர் அழுவார் என்று நினைத்தால், "அல்ஹம்துலில்லாஹ்! நான் சொன்னன்தானே!" என்று கத்துகிறார்.

சம்மாந்துறையில் இருக்கும் அவர் வீட்டில் அன்று பின்னேரமே ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பள்ளிவாசலில் நக்கலடித்தவர்கள் செவ்விளநீர் கொண்டு வந்தார்கள். மச்சி அழுது அழுது கோழி சூப் வைத்தா. காக்கா நடுவில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் இரண்டு வருடமாகப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு டீச்சருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். சாம்பல் மூடி டியூப்பைப் பார்த்து, "மிஸ், அடியில வெள்ளையாக் கிடக்கே, அது என்ன?" என்று கேட்டா.

"அது ரத்தத்துல சீனி குறையாம இரிக்கப் போடுற புளோரைட்..."

சொன்ன வாய் சொன்னபடியே நின்றுவிட்டது. படிக்கிற காலத்தில் பாடமாக்கிய விஷயம்! வெறும் வயிற்றோடு வந்த ஆளைக் கண்டதும் என் கை தானாகச் சாம்பல் மூடிக்குப் போயிருக்கிறது. கொழும்பில் அளந்தது காக்காவின் புளோரைட்டை அல்ல, டியூப்பின் புளோரைட்டை! "யா அல்லாஹ், ஆள் தப்பிட்டார்!" என்று நான் கத்திய கத்தில் டீச்சர் கையை இழுத்துக்கொண்டா. சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. மூடியில் பச்சை எது சாம்பல் எது என்று தெரியாதவளா நான் என்று என் மேலேயே கோபமும் வந்தது.

அந்தச் சிரிப்போடுதான் பச்சை மூடி டியூப் ஒன்றையும் ஊசியையும் பட்டியையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் சம்மாந்துறைக்குப் பறந்தேன். ஆட்கள் இருக்கும்போதே, "காக்கா, பயப்பட வேணாம்! பிழை என்ட! அந்தக் கணக்கு டியூப்புட கணக்கு!" என்று சொல்லி முடித்தேன். பள்ளிவாசல் ஆள் ஒருவர் பக்கென்று சிரித்தார். மச்சியின் முகம் மாறியது. ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள்.

நல்ல சேதி கொண்டு வந்தவள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காக்கா சட்டைக் கையைச் சுருட்டி, கையை நீட்டினார். நான் பட்டியைக் கட்டும்போது மெதுவாகக் கேட்டார்: "இந்த ரத்தத்துல ஒண்டும் இல்லாட்டி, என்ட நோவும் இல்லையா புள்ள?"

கட்டிய பட்டியை அவிழ்த்தேன். வெட்கமாக இருந்தது. டியூப் சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பினேன், இவர் சொன்னதை இரண்டு வருடமாக நம்பவில்லை.

"எங்க நோகுது காக்கா?"

நக்கலடிக்கிறேனோ என்று முகத்தைப் பார்த்தார். பிறகு பிடரியில் கையை வைத்துத் தொடங்கினார். விடிய எழும்பும்போது எப்படி, வரம்பில் குனியும்போது எப்படி, தொழுகைக்கு ஒளு எடுக்கையில் கால் கழுவத் தூக்கும்போது எப்படி என்று நெடுநேரம் சொன்னார். மச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தா. எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் குத்தினேன்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. ஆளைக் கொல்லுகிற அளவு இல்லை. ஆனால் இருக்க வேண்டியதைவிட மெய்யாகவே கூடுதல். லேப்பில் ஆட்கள் இருப்பதையும் மறந்து போனில் கத்தினேன்: "காக்கா! இரிக்கி! மெய்யாவே இரிக்கி! அந்தத் தண்ணிய இனித் தொட வேணாம்!"

"ஓம்" என்றார் காக்கா. "எனக்குத் தெரியும்தானே."