தண்ணீர் மேல் கோழி, தண்ணீருக்குள் மருந்து

காலை 6.40. செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்கு 28 கிலோமீட்டர், பஸ் டிக்கெட் 25 ரூபாய். மீன் நோய் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பன் பாஸ்கர், குளத்தில் மீன் வளர்க்கும் குமாரி என்பவரிடம் ஒரு பரிசோதனை முடிவைச் சொல்லப் போகிறான் என்றதும் நானும் ஒட்டிக்கொண்டேன். எங்கே என்ன நடந்தாலும் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

8.15. உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 20 ரூபாய். ஓட்டுநரிடம் குமாரியின் குளம் எது என்றோம்.

“கோயி கொளமா? அதோ கீது பாரு சார். தண்ணி மேல வூடு கட்டிக்கினு கீதுங்க கோயிங்க.”

நிஜமாகவே அப்படித்தான். குளத்தின் நடுவே கம்பங்கள் மேல் கொட்டகை, அதில் அறுபது கோழிகள். எச்சம் நேராகத் தண்ணீரில் விழும், ரோகு, கட்லா மீன்கள் அதைத் தின்று வளரும். தீவனச் செலவு மிச்சம். யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

குளத்துக்காரி குமாரிக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு ரோகுவை எடுத்துக் காட்டினார். விலாவில் சிவந்த புண், செதில் உதிர்ந்திருந்தது. தீனியில் இரண்டு முறை மருந்து கலந்தும் ஆறவில்லையாம். பொங்கலுக்குப் பிடிக்க வேண்டிய மீன்.

பாஸ்கர் செல்போனில் படம் காட்டினான். தட்டில் கிருமியை வளர்த்து, நடுவே மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை வைத்திருந்தார்கள். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி இல்லாமல் வெளுத்திருக்கும். இங்கே பொட்டு வரைக்கும் கிருமி.

“கோயிக்கு மருந்து குடுப்பீங்களாக்கா?” என்று கேட்டான்.

“தும்முனா தண்ணில கலக்கி வைப்பேன். மய காலம் வந்தா தும்மாமயே வைப்பேன்.”

“அது எச்சத்துல எறங்கி, நாள்பூரா குளத்துல கலந்துகினே இருந்திருக்கு. கிருமி பழகிப் போச்சு.”

குமாரி கொட்டகையை அண்ணாந்து பார்த்தார். “புண்ணு வர்ற வரிக்கும் மீனுக்கு நான் ஒண்ணுமே குடுக்கலியேன்னு நெனச்சுக்கினு இருந்தேன் நைனா.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. சும்மா இருக்காமல், தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுசாக நிரப்பலாமே என்றேன்.

“தொறந்தா ஊர் ஏரிக்குப் போவும் சார். அங்க கீற மீனு இன்னா பண்ணுச்சு?”

புண் வந்ததைப் பிடித்துப் புதைக்க வேண்டும், சுண்ணாம்பு போட வேண்டும், மிச்சம் பிழைத்தால் பார்க்கலாம் என்றான் பாஸ்கர். அதற்கு மேல் அவனிடமும் மருந்து இல்லை.

11.30. குமாரியும் அவர் கணவர் ஏழுமலையும் கோழிகளைக் கூடையில் வைத்து வீட்டுப் பக்கம் கொண்டுபோனார்கள். நானும் நாலு கூடை சுமந்தேன். பிறகு ஏழுமலை குளத்து நீர் வெளியேறும் குழாயைக் களிமண் மூட்டை வைத்து அடைத்தார்.

“மீனு போனா எங்களோட போவட்டும்,” என்றார் குமாரி. காலியான கொட்டகைக்கு அடியில் மீன்கள் வாயைத் திறந்துகொண்டு கூடியிருந்தன. அவர் தவிடு எடுத்துவர உள்ளே போனார்.

மாலை வீடு திரும்பினேன். நம் குளியலறைத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று மனைவியைக் கேட்டேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேருக்குமே தெரியவில்லை.