புள்ளிக்காரர் பொத்தானை அமுக்கிய கதை

கண் ஆஸ்பத்திரியின் மாடியில், நடையின் கடைசியில், ஜன்னலே இல்லாத ஓர் அறை உண்டு. உள்ளே இரண்டு நாற்காலிகள், பாதியாக அரிந்த பெரிய வெள்ளைப் பந்து போல ஓர் இயந்திரம், எந்நேரமும் இருட்டு. அந்த இருட்டைப் பத்தொன்பது வருஷமாக ஆண்டுவந்தவருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததில்லை. மற்ற எல்லோருக்கும் அவர் புள்ளிக்காரர்.

ஓரப்பார்வையை அளப்பது அவர் தொழில். வந்தவரின் ஒரு கண்ணைக் கட்டி, தாடையைத் தாங்கியில் வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார். பிறகு தம் வேதத்தை ஆரம்பிப்பார்.

"நடுவுல மஞ்சப் புள்ளி தெரியுதா? அதையே பாருங்க. சுத்தி எங்கயாவது வெளிச்சம் மினுக்குனா அமுக்குங்க. தேடிப் போகாதீங்க. தெரியலன்னா அமுக்காதீங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே தெரியலன்னாலும் பயப்படாதீங்க, மெஷின் வேணும்னேதான் மங்கலாக் காட்டும்."

ஒரு நாளைக்கு இருபது தடவை இதைச் சொல்வார். முடிந்ததும் இயந்திரம் ஒரு தாளைத் துப்பும். பார்வை இருக்கும் இடம் அதில் வெள்ளை, போன இடம் கறுப்பு.

கிளாக்கோமாவைக் காட்டிக்கொடுப்பது அந்தத் தாள்தான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்துத் தின்னும் வியாதி அது. வலிக்காது, சிவக்காது, உறுத்தாது. அவ்வளவு மரியாதை தெரிந்த வியாதி. நடுப்பார்வையைக் கடைசிவரை தொடாமல் ஓரத்தில் வேலையை ஆரம்பிக்கும். போனது திரும்பி வராது. புள்ளிக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய அப்பா இதில்தான் பார்வையை இழந்தார். வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து "வயசாயிடுச்சு" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அதனாலேயே வருகிற ஒவ்வொருவரிடமும் புள்ளிக்காரர் கறாராகக் கேட்பார்.

"வீட்டுல யாருக்காவது இருந்துச்சா? இருந்துச்சுன்னா வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்துடணும். சாக்குச் சொல்லக் கூடாது."

சாக்குச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கண் பரிசோதனைப் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. அதில் தம் பெயருக்கு எதிரே பத்தொன்பது வருஷமும் "நன்று" என்று தம் கையாலேயே எழுதிவந்தார். ஆதாரம் இல்லாமலா எழுதினார்? சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியை அவர் தடங்கலின்றிப் படிப்பார். கண்ணை மூடிக்கொண்டும் படிப்பார்.

இதற்கிடையே வீட்டில் ஒரு வருஷமாகச் சில குற்றங்கள் நடந்துவந்தன. சாப்பிடும்போது இடது கைப்பக்கம் இருக்கும் தண்ணீர் டம்ளர் வாரத்துக்கு மூன்று முறை உருண்டது. சமையலறை நிலைப்படி அவருடைய இடது காலைப் பார்த்துப் பார்த்துத் தட்டிவிட்டது. புள்ளிக்காரர் பாரபட்சமில்லாமல் விசாரணை நடத்தி, டம்ளரும் நிலைப்படியும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார். டம்ளரை அங்கே வைத்த மனைவி உடந்தை.

"வழியில கொண்டாந்து வச்சா தட்டாம என்ன பண்ணும்?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து டம்ளர் அங்கதாங்க இருக்கு. நீங்கதான் இப்பப் புதுசா அது மேல பாயறீங்க."

"கண்ணாஸ்பத்திரியில வேலை பாக்கறவன்கிட்ட பேசறே. ஞாபகம் இருக்கட்டும்."

"அது ஞாபகம் இருக்கறதாலதான் கேக்கறேன். ஊரெல்லாம் தலைய விடற மெஷினுக்குள்ள ஒரு நாள் நீங்களும் தலைய விட்டா என்ன? உங்கப்பாவும் கடைசியில இப்படித்தான் டம்ளரத் திட்டிக்கிட்டு இருந்தாரு."

புள்ளிக்காரர் தரையைத் துடைக்கத் துணி எங்கே என்று கேட்டார். துணி அவர் இடது பக்கத்திலேயே இருந்தது.

கடைசியில் அவரை மாட்டிவிட்டது ஒரு விற்பனையாளர். கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் புது இயந்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் வந்தார். மாதிரிக்கு ஒரு கண் வேண்டும் என்றதும், நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் புள்ளிக்காரர். புது இயந்திரத்தைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

வலது கண் இருபத்திரண்டு. இடது கண் முப்பத்துநாலு. இருபத்தொன்றைத் தாண்டினாலே யோசிக்க வேண்டிய எண்.

"மெஷின் சரியில்ல" என்று புள்ளிக்காரர் எழுந்துவிட்டார்.

மானம் போன விற்பனையாளர் விடவில்லை. நடையில் போன நர்ஸ், கணக்கர், காவலாளி மூன்று பேரையும் பிடித்து உட்காரவைத்தார். பதினாலு, பதினாறு, பதினைந்து. இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பது நிரூபணமாயிற்று. பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா, வயதில் புள்ளிக்காரரைவிட ஒரு தலைமுறை இளையவர், அவரைத் தம் அறைக்கு அழைத்துப்போனார். லென்ஸ் வைத்துக் கண்ணுக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை எதற்கு என்பது புள்ளிக்காரருக்குத் தெரியும்.

"சார், இடது கண் நரம்புல அரிச்ச குழி பெருசா இருக்கு. உங்க மெஷின்லயே ஃபீல்டு டெஸ்ட் எடுத்துடலாம்."

"நாளைக்கு வச்சுக்கலாமே மேடம். இன்னைக்கி வெளியில பன்னெண்டு பேரு காத்திருக்காங்க."

"நீங்க பதிமூணாவது ஆளு. ஆனா முதல்ல நீங்கதான்."

"நானே உக்காந்துட்டா டெஸ்ட் எடுக்கறது யாரு?"

"டோக்கன் அக்கா."

கீழே டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்கு உரியவர் அவர். ஒரு தொண்டைச் செருமலில் நூறு பேரை வரிசையில் நிறுத்தக்கூடியவர். இரண்டு வருஷம் முன்பு புள்ளிக்காரர் காய்ச்சலில் படுத்த நாலு நாளுக்கு இயந்திரத்தை அவர்தான் ஓட்டினார். அப்போது கற்றுக்கொண்டதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் தவறவிட்டிருக்கவில்லை.

"தாடைய வைங்க தம்பி. நெத்திய ஒட்டுங்க. நடுவுல மஞ்சப் புள்ளி தெரியுதா?"

"அக்கா, இதெல்லாம் எங்கிட்டயா?"

"பேஷண்ட் பேசக் கூடாது."

வலது கண்ணைக் கட்டியாயிற்று. விளக்கு அணைந்தது. புள்ளிக்காரர் முதல் முறையாகத் தம் ராஜ்ஜியத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்.

டக். அமுக்கினார். டக். அமுக்கினார். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் இயந்திரத்தின் வயிற்றில் அந்தச் சின்னச் சத்தம் எழும். அவருக்கு அது தம் மூச்சு மாதிரி பழக்கம். கட்டைவிரல் தாளம் தப்பாமல் இறங்கியது. ஐந்து நிமிஷத்தில் எழுந்தபோது, பரீட்சையில் முதலில் எழுதி முடித்தவரின் தெம்பு அவர் முகத்தில் இருந்தது.

தாள் வந்தது. தும்பைப் பூ மாதிரி வெள்ளை. ஒரு கறுப்பு இல்லை.

"பாத்தீங்களா மேடம்?" என்று நீட்டினார்.

டாக்டரம்மா வாங்கவில்லை. "சார், இது வேற ஒருத்தரோட தாளா இருந்தா என்ன சொல்லுவீங்க? கீழ இருக்கற எண்களப் படிங்க."

புள்ளிக்காரர் படித்தார். எல்லோருடைய கண்ணிலும் பிறவியிலேயே ஒரு குருட்டு இடம் உண்டு. நரம்பு வெளியே போகும் வாசல் அது. அங்கே வெளிச்சம் விழுந்தால் ராஜாவுக்கும் தெரியாது, கழுகுக்கும் தெரியாது. ஆளைச் சோதிக்க இயந்திரம் வேண்டுமென்றே அங்கேயும் மினுக்கும். பதினாலு தடவை மினுக்கியிருந்தது. புள்ளிக்காரர் பதினொரு தடவை பார்த்ததாக அமுக்கியிருந்தார்.

"மனுஷப் பிறவி யாருக்கும் தெரியாத எடத்துல உங்களுக்கு மட்டும் தெரியுது" என்றார் டாக்டரம்மா.

வெளிச்சம் தெரியாமலே பொத்தானை இப்படி வாசித்த எத்தனையோ பேரைப் புள்ளிக்காரர் இதே அறையில் வறுத்தெடுத்திருக்கிறார். ஒரு தலைமை ஆசிரியரை, "ஏங்க, மார்க்கு போடறதுக்கா உக்காந்திருக்கீங்க?" என்றுகூடக் கேட்டிருக்கிறார்.

"திரும்ப எடுக்கச் சொல்லுவேன்" என்றார் மெதுவாக.

"நான் வேணும்னு பண்ணல மேடம்" என்றார் அடுத்து, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியும் தம்பி" என்று டோக்கன் அக்கா குறுக்கே வந்தார். "பக்கத்துல உக்காந்து உங்க கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். டக்குன்னு சத்தம் வந்தா விரல் தானா இறங்குது. சத்தம் மட்டும் வந்து வெளிச்சமே வராதப்பவும் இறங்குது. நீங்க கண்ணால எங்க பாத்தீங்க? காதால இல்ல பாத்தீங்க."

கட்டுப்போடும் அறையிலிருந்து பஞ்சு வந்தது. அக்கா இரண்டு காதிலும் திணித்து, மேலே சுற்றிக் கட்டும் போட்டார். கண்ணுக்கு வந்த ஆள் மண்டை உடைந்த ஆள் மாதிரி ஆனார். வெளியே பெஞ்சில் காத்திருந்த பன்னிரண்டு பேரும் கதவிடுக்கில் இதைப் பார்த்துவிட்டு, உள்ளே என்னதான் நடக்கிறது என்று கலங்கினார்கள்.

மறுபடியும் இருட்டு. இம்முறை சத்தம் இல்லை.

மஞ்சள் புள்ளி. மேலே ஒரு மினுக்கல், அமுக்கினார். மேலே வலப்பக்கம், அமுக்கினார். பிறகு ஒன்றும் இல்லை. காத்திருந்தார். ஒன்றும் இல்லை. இயந்திரம் நின்றுவிட்டதோ? கரண்ட் போயிருக்குமோ? மேலே ஒன்று மினுக்கியது. கரண்ட் இருக்கிறது. பிறகு மறுபடியும் ஒரு நீளமான வெறுமை. இயந்திரம் எந்த வரிசையில் எங்கெங்கே காட்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அப்படியானால் இப்போது கீழே காட்டிக்கொண்டிருக்கிறது. கீழே, இடது கீழே, டம்ளர் இருக்கும் இடத்தில். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் அங்கே எதுவும் இல்லை. (கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றுவதை ஆஸ்பத்திரி சிபாரிசு செய்வதில்லை.)

கட்டைவிரல் துடித்தது. ஒரே ஒரு தடவை அமுக்கினால் என்ன? யாருக்கு நஷ்டம்? கீழே பார்த்துவிடலாமா, ஒரு நொடி? விழி நகரப் பார்த்தது; பிடித்து நிறுத்தினார். அப்பாவின் கை ஞாபகம் வந்தது. மேஜை விளிம்பைத் தடவித் தடவிப் போகும் கை. யாரும் பார்க்காத மாதிரி தடவுவார். எல்லோரும் பார்க்காத மாதிரி இருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் அவர் நோயாளிகளிடம் சொல்வார், பயப்படாதீங்க, மெஷின் வேணும்னேதான் மங்கலாக் காட்டும் என்று. அந்த வாசகம் இப்போது வேண்டியிருந்தது. டோக்கன் அக்கா அதைச் சொல்லத்தான் செய்தார், ஒரு எழுத்துக்கூட மாறாமல். பஞ்சைத் தாண்டி அது அவருக்குப் போகவில்லை. அக்காவுக்கு அது உறைத்ததோ என்னவோ, அவர் தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது.

புள்ளிக்காரர் விரலைப் பொத்தானின் மேலேயே வைத்துக்கொண்டு, அமுக்காமல் இருந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

தாளின் கீழ்ப்பாதி கறுப்பு. வலது கண்ணுக்கும் பஞ்சோடு டெஸ்ட் எடுத்தார்கள். ஓரத்தில் நகக்கண் அளவு சாம்பல் நிறம். டாக்டரம்மா இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இடது கண்ணுல போனது போனதுதான் சார். உங்களுக்கு நான் சொல்லணுமா? வலது கண்ணு இப்பத்தான் ஆரம்பம். சொட்டு மருந்து ஒழுங்காப் போட்டா இருக்கறத நிறுத்தி வைக்கலாம். இன்னும் மூணு வருஷம் 'நன்று'ன்னே எழுதியிருந்தீங்கன்னா, உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்பேன்."

புள்ளிக்காரர் காதுப் பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வெளியே போய் முதல் நோயாளியை அழைத்தார். வழக்கமான வேதத்தைச் சொல்லிவந்தவர், "தெரியலன்னா அமுக்காதீங்க" என்ற இடத்தில் சற்று நின்றார்.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி அவரை நாற்காலியில் சாய்த்து, மருந்துப் புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"மேல பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க. இமைய ஆட்டாதீங்க... ஆட்டாதீங்கன்னா!"

முதல் சொட்டு கன்னத்தில் ஓடியது. இரண்டாவது கண்ணில் விழுந்தது. எரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் புட்டியை மூடாமல் அப்படியே நின்றாள்.

"அப்ப, டம்ளர் மேல போட்ட கேஸு?"

"வாபஸ்."

"நிலைப்படி?"

"அதுவும்."

"உடந்தைன்னு ஒருத்தியச் சொன்னீங்களே?"

புள்ளிக்காரர் மூடிய கண்ணோடு இடது பக்கமாகக் கையை நீட்டினார். அவள் அங்கேதான் நின்றிருந்தாள். கை அவளைத் தட்டிவிடாமல், தேடி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வலது கண்ணுக்கும் ஒரு சொட்டு போடு" என்றார்.