ஏழாம் பாகம்

நேற்று என் மகள் ரத்தக்காட்டேரிக் கதையொன்றின் பக்கத்தை அவசரமாகத் திருப்பியபோது அது சரக்கென்று கிழிந்தது. அந்தச் சத்தம் என்னைப் பெரம்பலூர் ஹாஸ்டலுக்கு இழுத்துப்போனது.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. மந்திரக்காரிகளும் ரத்தக்காட்டேரிகளும் மோதும் ஒரு தொடரை நானும் எறையூர் மல்லிகாவும் ஒரே பாயில் படுத்து ஆறு பாகம் படித்திருந்தோம். ரத்தம் குடிக்க மறுக்கும் அதன் நாயகன்மேல் எங்கள் இருவருக்கும் உயிர். ஏழாம் பாகம் முதலில் அவள் கைக்கு வந்தது.

"குடுடி, பாத்துட்டுத் தரேன்."

"நான் முடிச்சிட்டுத்தான்."

பிடுங்கினேன். அட்டை கிழிந்தது. அவள் என் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினாள். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஓங்கி அடித்தேன். விளிம்பு பட்டு அவள் நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணை மூடி, வாய்வரை வழிந்தது. வார்டன் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

நான் கீழே கிடந்த புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். ரத்தத்தில் ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தேன்.

சாயங்காலம் ஆறு தையலோடு திரும்பினாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவன் செத்துட்டானாடி?"

"இல்லடி, பொழச்சிட்டான்" என்றேன். அவன் செத்திருந்தான்.

அடுத்த வாரம் அவளே படித்து முடித்தாள். "ஏன்டி பொய் சொன்ன?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அதன்பின் பள்ளி முடியும்வரை என்னோடு பேசவில்லை.

"அம்மா, பசை எங்க?" என்றாள் மகள். தேடி எடுத்துக் கொடுத்தேன்.