மதினி வைத்த கல்வாழை

அண்ணன் கொழும்பிலிருந்து திரும்பி வந்த மத்தியானம், மதினி கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்வாழைக் கிழங்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தகரப் பெட்டியோடு அவர் வேலியோரம் நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. மதினி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, கையிலிருந்த துண்டைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினாள். மீதிக் கிழங்கையும் நட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் அவருக்குச் சோறு போட்டாள்.

ஏர்வாடிக்குப் பக்கத்திலிருந்த தன் ஊரிலிருந்து, கல்யாணமாகி வந்தபோது ஈரச் சாக்கில் சுற்றி அவள் கொண்டுவந்த கிழங்கு அது. முதுகுளத்தூருக்கும் உள்ளே, குடிதண்ணீருக்கே ஊருணிக்கு நடக்கிற எங்கள் ஊரில் பூச்செடியா என்று அம்மா ஏசினாள். குளிக்கிற கல்லிலிருந்து வழிந்த தண்ணீரே அதற்குப் போதுமானதாக இருந்தது. மறு வருடம் அண்ணன் கடை வேலைக்கென்று கப்பலேறினார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருக்கிறதென்று யாரோ வந்து சொன்னார்கள். அதன்பின் ஒன்றும் வரவில்லை.

"நீ இங்கன கெடந்து தேய வேணாம் தாயி. ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னா போ" என்றார் அய்யா. அவள் போகவில்லை. மிளகாய்க் காட்டில் களையெடுத்தாள். படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்தாள். ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன், கடப்பாரையால் தூரை நெம்பி எடுத்து, துண்டுக்கொரு முளையாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவித் தள்ளித் தள்ளி நட்டாள். வருடா வருடம் இது எதற்கு என்று கேட்டேன். "நெருங்கிப் போச்சுன்னா நடுவுல இருக்கிறது பூக்காது" என்றாள்.

அங்கே குடியுரிமை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் அண்ணனும் ஒருவர். அங்கே அவரோடு வாழ்ந்த பெண், தன் பிள்ளைகளோடு அங்கேயே நின்றுவிட்டாளாம். மதினியின் பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று ஊரே பேசியது. சில நாள் கழித்து அவள் அய்யாவிடம் வந்து நின்றாள்.

"மாமா, நான் எங்க ஊருக்குப் போறேன்."

"வராதப்பல்லாம் இருந்துட்டு, வந்த பெறகு போறேங்கிறியே தாயி."

"அத்தை கெடையில கெடந்தாக, இருந்தேன். காட்டுக்கு ஆளில்ல, இருந்தேன். இனி இவருக்கும் ஆக்கிப்போட ஏலல மாமா. அசந்து போச்சு."

குரலில் கோபமே இல்லை. அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். புதிதாக நட்டதில் பாதியைத் தோண்டிச் சாக்கில் கட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

அவளுக்கு அன்றிருந்த வயதை நானும் கடந்து வெகுகாலமாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து உலையை வைத்துவிட்டு, எழ மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அவள் சொன்ன அசதி எனக்குப் புரிகிறது.

கீழக்கரைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்த புதிதில் அவளைப் பார்க்க அவள் ஊருக்குப் போனேன். கடலோர மணலிலும் கல்வாழை செக்கச்செவேலென்று பூத்திருந்தது. அண்ணனைப் பற்றி அவளாகக் கேட்கவில்லை, நான்தான் சொன்னேன்.

"அண்ணன் கல்வாழைக்குத் தெனமும் தண்ணி ஊத்துறாக மதினி."

"பிரிச்சு நட்டாகளா?"

"இல்ல."

"அவுகளுக்குத் தெரியாது. நீ போனா பிரிச்சு விடு" என்று சொல்லிவிட்டு, காயப்போட்டிருந்த நெல்லைக் காலால் கிளற எழுந்து போனாள்.