சாமணம் கிடைத்த பறவை

என் மகளின் பள்ளியிலிருந்து போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஒரு ஸ்பூன், துணிக்குப் போடும் கிளிப் ஒன்று, கைப்பிடி மிளகு கொடுத்தனுப்ப வேண்டுமாம். எதற்கு என்று அவளுடைய டீச்சரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். பறவை அலகு பாடம் என்று இரண்டு தடவையும் பொறுமையாகப் பதில் அனுப்பினார். மூன்றாவது தடவை கேட்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மாவின் சந்தேகப் புத்தி எனக்கும் வந்துவிட்டதோ என்னவோ.

அந்தப் பாடத்தை நான் ஏழாம் வகுப்பில் படித்தேன். ஏற்காட்டைத் தாண்டி ஒரு காப்பி எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அப்போது இருந்தோம். அம்மாவுக்கும் அக்காவுக்கும் எஸ்டேட்டில் வேலை. எங்கள் அறிவியல் டீச்சர் சேலத்திலிருந்து புதிதாக வந்தவர். ஒருநாள் வகுப்புக்கு வெளியே வெயிலில் இரண்டு சாக்கை விரித்து, காப்பிக்கொட்டையைக் கொட்டி, இன்றைக்கு நீங்கள் எல்லோரும் பறவைகள் என்றார். ஆளுக்கு ஓர் அலகு. சிலருக்குக் கிளிப், சிலருக்கு இரண்டு ஐஸ் குச்சி. பக்கத்து பெஞ்சுக்காரிக்கு ஸ்பூன். எனக்குக் காலில் முள் எடுக்கும் சாமணம். ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே கொட்டைகளை எடுத்து டம்ளரில் போட வேண்டும். இருபதுக்குக் குறைந்தால் அந்தப் பறவை பட்டினியில் செத்துவிட்டது என்று கணக்கு.

நான் நாற்பத்தொன்று. வகுப்பிலேயே முதல். ஸ்பூன்காரி ஒன்பதோடு செத்துப்போனாள். டீச்சர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடி வந்து, நாளைக்கும் மிளகை வைத்து இதே ஆட்டம் உண்டு என்பது வரை சொன்னேன். அம்மா பறவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பிக்கொட்டையா? சாக்கிலா? விசில் அடித்தது யார்? எண்ணியது யார்? நோட்டில் எழுதினார்களா? நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லச் சொல்ல அவள் முகம் இருண்டுகொண்டே போனது.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், எட்டாம் வகுப்பில் இருந்த அக்கா ஒரு சனிக்கிழமை அம்மாவோடு களத்துக்குப் போனாள். பெண்கள் சாக்கைப் பரப்பி உட்கார்ந்து கறுப்புக் கொட்டையும் உடைசலும் பொறுக்கும் இடம் அது. அக்காவுக்குக் கை வேகம். ஆள் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் பொறுக்கியதைப் படியில் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் லீவுக்கு மட்டும் அனுப்புங்கள் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். லீவு முடிந்தது. அக்கா பள்ளிக்குத் திரும்பவில்லை. அதிலிருந்து நோட்டும் கையுமாக யார் வந்தாலும் அம்மாவுக்கு ஆகாது. ஊசி போட வரும் நர்சம்மாவைக்கூட வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"உங்க டீச்சரு ரைட்டருக்கு ஆளு புடிச்சுக் குடுக்கறாளாட்ட இருக்குது" என்றாள் அம்மா.

அக்கா சிரித்தாள். "அந்தம்மாவுக்குக் காப்பிச் செடி எதுன்னே தெரியாது. அன்னைக்கு மொளகுக் கொடியப் பாத்து வெத்தலையான்னு கேட்டுச்சு."

அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு நீதான் கடைசியா வரோணும், கண்ணு. இதுக்குக் கை மந்தம்னு அவங்க நெனைக்கோணும். உம்பேரு அந்த நோட்டுல இருந்துச்சுன்னா, காலம்பற பஸ்ஸுக்கு உன்னய மாமன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி உட்டுருவேன். அங்கயே இருந்து படி."

மாமா வீடு சேலத்தில். ஒரே அறை, தகரக் கூரை, என்னைக் கண்டாலே உதட்டைச் சுழிக்கும் அத்தை. நான் அழுதேன்.

மறுநாள் மிளகு. செத்த பறவைகள் எல்லாம் பிழைத்த பறவைகளின் குஞ்சுகளாகப் பிறந்திருந்தன. தாயின் அலகுதான் குஞ்சுக்கும் என்பதால் டீச்சர் இன்னும் நான்கு சாமணம் கொண்டுவந்திருந்தார். என் குஞ்சாகப் பிறந்த பக்கத்து பெஞ்சுக்காரி முப்பது எடுத்தாள். நான் ஆறு. டீச்சர் என் சாமணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், மெதுவா எடுக்கச் சொல்லி அவங்கம்மா சொல்லிருக்காங்க" என்று, காலையில் நான் சொன்ன ரகசியத்தைப் போட்டு உடைத்தது என் குஞ்சு.

அன்று சாயங்காலம் டீச்சர் நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா கடுங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றாள். டீச்சர் பாடத்தை முதலிலிருந்து சொன்னார். தீனிக்கு ஏற்ற அலகு உள்ள பறவை பிழைக்கும், மற்றது சாகும், பிழைத்ததுதான் குஞ்சு பொரிக்கும்.

"ஏனுங்க டீச்சர், பொறுக்கத் தெரிஞ்சது பொழைச்சுக்குமுங்களா?"

"ஆமாங்க."

"அதோட குஞ்சும் பொறுக்கத்தான் செய்யுமுங்களா?"

"அதேதாங்க! நீங்க நொம்பக் கரெக்டாச் சொல்றீங்க" என்று டீச்சர் மகிழ்ந்துபோனார். எங்கள் பேச்சைக்கூடப் பழகிக்கொண்டிருந்தார், பாவம். நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள்.

அம்மா நோட்டைக் கேட்டு வாங்கி என்னிடம் நீட்டினாள். "படி சாமி. பேரு இருக்குதா பாரு."

முதல் வரியே என் பெயர்தான். அதன் பக்கத்தில் சாமணம், நாற்பத்தொன்று. கீழே வரிசையாக எல்லோருடைய பெயரும். தகரக் கூரை என் கண்முன் வந்து நின்றது.

"சாமணம், நாப்பத்தொண்ணு" என்று படித்தேன். "கிளிப்பு, முப்பத்திரண்டு. ஸ்பூனு, ஒம்பது." பெயர்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். டீச்சரின் டம்ளர் பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்துவிட்டு மிச்சக் காப்பியைக் குடித்தார். அம்மா என் தோளுக்கு மேலே குனிந்து, விரல் போகும் இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு இல்லியா?"

"இல்லம்மா."

"சரி" என்று நோட்டை வாங்கி டீச்சரிடம் கொடுத்தாள். மாமா வீட்டுப் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

எழுத்துத் தெரியாத அம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்ற பயத்தோடும், வெட்கத்தை விட்டுச் சொன்னால் கொஞ்சம் பெருமையோடும், நான் பல நாள் திரிந்தேன். எங்கள் வீட்டில் ஏற்காடு கடைத்தெருவில் வாங்கிய இரண்டு டிபன் பாக்ஸ் இருந்தன. இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் மூடியில் என் பெயரும் மற்றதில் அக்காவின் பெயரும் வெட்டியிருக்கும். தினமும் காலையில் அம்மா என்னுடையதை என் பைக்குள்ளும் அக்காவுடையதை எஸ்டேட்டுக்குப் போகும் கூடையிலும் வைப்பாள். ஒருநாளும் மாற்றி வைத்ததில்லை. எதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறாள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.