கதவு மறைத்த சுவர்

எங்கள் வீட்டில் வாசல் கதவைச் சாத்தினால் மட்டுமே கண்ணில் படும் துண்டுச் சுவர் ஒன்று உண்டு. பகலெல்லாம் கதவு திறந்து கிடக்கும் வீடு ஆகையால், வந்துபோகிறவர்கள் அதைப் பார்த்ததில்லை. மற்றச் சுவர்கள் ஆண்டுதோறும் வெள்ளை பூசிக்கொள்ள, கதவின் அகலமே கொண்ட அந்தத் துண்டு மட்டும் பழுப்பேறி நிற்கிறது. அதன் குறுக்கே, பள்ளி நாட்களில் என் இடுப்பு இருந்த உயரத்தில், செம்மண் நிறத்தில் ஒரு கோடு. கோட்டில் இரண்டொரு நெல் உமி இன்னும் ஒட்டியிருக்கிறது. கல்லூரி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் கதவைச் சாத்தி அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பார்க்கும்போது, சுண்ணாம்பு பட்டு வெடித்த இரண்டு கைகள் நினைவுக்கு வரும். அவை என் அண்ணன் மனைவியின் கைகள். நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன்.

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஓர் ஐப்பசியில் ஊர்க் குளத்தின் கரை உடைந்தது. வீட்டின் முன்னறைதான் அப்பாவின் துணிக்கடை. விடியற்காலையில் புகுந்த தண்ணீர் மறுநாள்தான் வடிந்தது. கடையின் கீழ்த்தட்டுகள் இரண்டும் மூழ்கின. அடுக்களைச் சுவர் சரிந்தது. சேற்றில் வழுக்கி விழுந்து அம்மாவின் கால் முறிந்தது. அம்மாவை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அப்பா, புறப்படுமுன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். கடன் கொடுத்த வங்கியின் வற்புறுத்தலால் எடுத்த பாலிசி அது. வெள்ளச் சேதமும் அதில் அடக்கம். “அவன் தந்தாத்தான் கடை திறக்க முடியும். இல்லேன்னா இந்த வயசுல நான் இன்னொருத்தன் கடையில போய்த் துணி கிழிக்கணும்” என்று அவர் சொன்னதை நானும் மைனியும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மைனி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. அண்ணன் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் வேலையாக இருந்தான். வீட்டில் நாங்கள் இருவர்தாம். மைனி சேற்றை வாரிக் கொட்டினார். சாயம் கலந்த துணிகளை ஆற்றுக்குச் சுமந்துசென்று அலசி, உலர்த்தி, மடித்து அடுக்கினார். பிறகு சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி நீற்றினார்.

“ஏட்டி, கால் ஒடிஞ்ச அத்த ஊனுகம்போட வந்து இந்தச் சேத்தப் பாத்தா மனசு தாங்குமா? திருக்காத்திகைக்கு வெளக்கும் ஏத்தணுமில்லா?” என்றார்.

சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிப் பிடித்தவள் நான். மூன்று நாளில் வீடு வெளுத்தது. வாசல் கதவு மட்டும் ஈரத்தில் ஊதித் தரையைக் கவ்விக்கொண்டு, திறந்த நிலையிலேயே நகராமல் நின்றது. அதன் பின்னாலிருந்த சுவரைப் பூச முடியவில்லை. வெளியே தெரியாத இடம்தானே என்று விட்டுவிட்டோம்.

பூச்சு தொடங்குவதற்கு முந்தின நாள் அப்பா பேருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. உறையில் ஆங்கில அச்சு. மைனிக்கு அந்த எழுத்து தெரியாது; எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அப்பாவின் கடிதங்களை எங்கள் வீட்டுப் பெண்கள் பிரிப்பதில்லை. நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்ட மைனி, “வேண்டாம் மக்கா. நாந்தான் பிரிக்கச் சொன்னேன்னு மாமா நெனைப்பாவ” என்றார். வாங்கி, கடிதக் கம்பியில் அப்படியே குத்திவைத்தார்.

நான்காம் நாள் மாலை அப்பா வந்து அதைப் பிரித்தார். சேதத்தை மதிப்பிட மறுநாள் கம்பெனியின் சர்வேயர் வருகிறார் என்று எழுதியிருந்தது. அதுவரை ஒன்றையும் தொடவோ துடைக்கவோ கூடாது. வாசித்துவிட்டு அப்பா வெள்ளைச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். மைனி அன்று சாப்பிடவில்லை.

சர்வேயர் நெட்டையான மனிதர். மழை விட்ட பிறகும் குடையை மடக்காமல் வாசல்வரை வந்தார். உள்ளே நுழைந்ததும் சிரித்தார்.

“இது வெள்ளம் வந்த வீடா, கல்யாண வீடா?”

“குளம் உடைஞ்சது ஊருக்கே தெரியும் சார்” என்றார் அப்பா.

“உடைஞ்சது எனக்கும் தெரியும். உம்ம வீட்டுக்குள்ள எவ்வளவு ஏறிச்சு? அதுக்கு அடையாளம் வேணுமில்லா? துணியப் பாத்தா வெளுத்த பழைய சரக்கு மாதிரி இருக்கு. மண்சுவர் மழைக்கும் விழும். நான் எதப் பாத்து எழுத?”

சர்வேயர் பேனாவை மூடிக்கொண்டு திரும்பினார். அப்போது, உள்வாசலில் நின்றிருந்த மைனி விறுவிறுவென்று முன்னறையைக் கடந்தார். வாசல் கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். பாதி உலர்ந்திருந்த கதவு தரையைக் கீறி ஓலமிட்டு நகர்ந்தது. அறை இருண்டது.

“என்னம்மா, என்னப் பூட்டிவச்சு எழுதி வாங்கப் போறியளா?”

“சுவரப் பாருங்க சார்” என்றார் மைனி. அந்நிய ஆண் ஒருவரிடம் அவர் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை. “சுண்ணாம்பு அடிச்சது நாந்தான். உங்க எழுத்தப் பிரிக்காம வச்சதும் நாந்தான். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

சர்வேயர் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். நூல் பிடித்தாற்போன்ற கோடு. அதற்குக் கீழே காய்ந்த வண்டல். நகத்தால் ஓர் உமியைப் பெயர்த்தார். பிறகு அளவுநாடாவைக் கோட்டிலும், அடுத்துக் கடைத்தட்டுகளிலும் வைத்துப் பார்த்தார்.

“மூணாந்தட்டு?”

அப்பா வாய் திறக்குமுன் மைனி சொன்னார்: “அது நனையல்ல சார். கீழ ரெண்டும்தான்.”

சர்வேயர் முதல் முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

தை பிறக்குமுன் கம்பெனியிடமிருந்து பணம் வந்தது. இழந்த அனைத்துக்கும் ஈடாகவில்லை. அடுக்களைச் சுவர் எழுப்பவும் இரண்டு தட்டுகளை நிரப்பவும் போதுமானதாக இருந்தது. கடை திறந்த அன்று, ஊன்றுகோலுடன் அமர்ந்திருந்த அம்மாவின் முன்னிலையில் அப்பா சொன்னார்: “இனி எழுத்து யார் பேருக்கு வந்தாலும், வீட்டுல இருக்கியவ பிரிச்சு வாசிக்கணும்.” அவர் பார்வை யார்மீதும் இல்லை. ஆனால் அன்று மாலையே மைனி ஒரு சிலேட்டுடன் என்னிடம் வந்தார். “ஏட்டி, மொதல்ல அந்தக் கம்பெனிப் பேர எழுதிக் காட்டு.”

இந்தக் கார்த்திகைக்கும் வீடு வெளுத்தது. இப்போது நன்றாகவே மூடித் திறக்கும் அந்தக் கதவை நேற்று சாத்திப் பார்த்தேன். கோடு அப்படியே இருக்கிறது. அதற்குச் சற்று மேலே ஓர் ஆணியில் மைனி கடிதக் கம்பியை மாட்டியிருக்கிறார். அப்பாவுக்கு வந்தவை, அண்ணனுக்கு வந்தவை, விடுதியிலிருந்து நான் எழுதியவை எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பிரிக்காத உறை ஒன்றுகூட இல்லை.